மாலையும் சேறும் வரலாறு ஆகுமா?

மறைந்தவரின் வாழ்வை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒருவர் மாலை சூட்டுவார். மற்றவர் சேறு பூசுவார். படிப்போரும் அவ்வாறே இரண்டு அணிகளாகப் பிரிந்து வழக்காடுகின்றனர். எழுதப்பட்டது மெய்தானா என்னும் முதன்மையான வினா மட்டும் அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்து போகிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றி உலகப் புகழ் எய்திய பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றிய நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

அக்குழுவைத் தொடங்கிய ஜான் லெனன், 1980ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், நியூயார்க்கில் தம் இல்ல வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டாண்டுகள் கழித்து, 1988இல், ஆல்பர்ட் கோல்ட்மன் என்பார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். ஆறாண்டு உழைப்பும் 1,200 நேர்காணல்களும் நூலுக்கு அடிப்படை என அறிவிக்கப்பட்டது. அதில் லெனன் போதைக்கு அடிமையாகவும் வன்முறையாளராகவும் காட்சியளித்தார்.

ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். உடன் பாடிய பால் மெக்கார்ட்னி அதைக் குப்பையென இகழ்ந்து, எவரும் வாங்க வேண்டா எனக் கேட்டுக்கொண்டார். மறுசாராரோ, இத்தனை பேரைக் கண்டு எழுதியவர் வீணே பொய்யுரைப்பாரோ என்று எதிர்வினா எழுப்பினர். மறைந்தவர் அவதூறு வழக்குத் தொடுக்க இயலாது. அவர் பொருட்டுப் பிறர் தொடுக்கவும் ஆங்கில, அமெரிக்கச் சட்டங்கள் இடந்தருவதில்லை. எனவே இவ்வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. படிப்பவரின் மன்றத்திலேயே நின்றுவிட்டது.

இரு தரப்பும் கூறியவற்றை நாம் எடைபோட்டுப் பார்ப்போம். கடுமையான செய்தி என்பதற்காகவே ஒன்றைப் பொய்யென ஒதுக்குதல் முறையாகுமா? ஆகாது. தாம் ஹெராயின் பயன்படுத்தியதை 1970ஆம் ஆண்டு நேர்காணலில் லெனனே ஒப்புக்கொண்டார். இளமையில் பெண்களை அடித்ததை 1980இல் தம் வாயாலேயே கூறினார். தலைவர் மறைக்காததைத் தொண்டர் மறைக்க முயல்வது அன்பாகலாம், வரலாறு ஆகாது.

மாலை சூட்டும் நூலிலும் குறையுண்டு. 1968இல் ஹண்டர் டேவிஸ் எழுதிய நூல், குழுவினரின் இசைவு பெற்று வெளிவந்தது. தம்மை வளர்த்த பெரியன்னையின் விருப்பத்திற்காக அந்நூலில் உண்மைகள் சில நீக்கப்பட்டன என்று பின்னாளில் குறைகூறியவர் லெனனேயாவார்! புகழப்பட்டவரே ஏற்காத புகழுரையை நாம் எங்ஙனம் ஏற்பது?

அவ்வாறாயின் கோல்ட்மன் கூறியவை அனைத்தும் மெய்யோ? அதுவுமன்று. குழுவின் தொடக்ககால உறுப்பினர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப், மூளையில் குருதிக் கசிவுற்று 1962 ஏப்ரல் 10ஆம் நாள் ஆம்பர்க் நகரில் இறந்தார். அவ்விறப்பை லெனன் முன்பு தாக்கியதோடு அந்நூல் தொடர்புபடுத்துகிறது. அடித்தவரெனப்பட்டவரும் இல்லை, அடிபட்டவரெனப்பட்டவரும் இல்லை. நெடுங்காலம் கழித்துப் பிறர் வழியாக வந்த சொல்லே எஞ்சுகிறது. ஒருவர் மீது கொலைப்பழியின் நிழலைப் படரவிட இது போதுமா? எண்ணிக்கை ஒருபோதும் சான்றாவதில்லை. ஆயிரம் பேரைக் கண்டேன் என்பதைவிட, இச்செய்தியை இன்னார் நேரில் கண்டு கூறினார் என்ற ஒற்றைக் குறிப்பு வலியது.

1988 அக்டோபரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ், நேர்காணப்பட்ட சிலரை மீண்டும் அணுகி வினவியது. தம் சொற்கள் திரிக்கப்பட்டன என்று அவர்களுள் சிலர் கூறினர். ஆயினும் அவ்விதழ் 1967இல் வெளியிட்ட தன் முதல் இதழின் அட்டையிலேயே லெனனின் படத்தைத் தாங்கி வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. நண்பர் சான்றையும் பகைவர் சான்றையும் ஒரே தராசில் இடுவதே நடுவுநிலைமை.

அதே 1988ஆம் ஆண்டில் மற்றொரு நூலும் வெளிவந்தது. மார்க் லூயிசன் என்னும் ஆய்வாளர், இலண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் நாடாக்களையும் பதிவேடுகளையும் ஆராய்ந்து, எப்பாடல் எந்நாளில் பதிவாயிற்று என நிரல்படுத்தினார். முதல் இசைத்தட்டின் பத்துப் பாடல்கள் 1963 பிப்ரவரி 11ஆம் நாள், ஒரே நாளில் பதிவாயின என்பது போன்ற செய்திகளுக்கு அங்கே ஏட்டுச்சான்று உண்டு. பதிவேடு மனிதனின் நெஞ்சை உரைக்காது, மெய்தான். ஆதலின் அவரே 2013இல் வெளியிட்ட விரிவான வரலாற்றின் முதற்பாகத்தில், மாந்தர் கூற்றுகளையும் தொகுத்து, அவற்றின் மூலங்களையும் குறித்தார். லெனனின் முரட்டுத்தனம் அதில் மறைக்கப்படவில்லை. அது விற்பனைப் பண்டமாக்கப்படவுமில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? ஒரு வாழ்க்கை வரலாறு இனிக்கிறதா, கசக்கிறதா என்பது அதன் உண்மைக்கு உரைகல் ஆகாது. கூறியவர் யார்? அவர் நேரில் கண்டாரா? நிகழ்ந்து எத்தனை காலத்திற்குப் பின் கூறினார்? அவரைச் சாராத வேறொருவர் அதனை உறுதிசெய்தாரா? இந்நான்கு வினாக்களையும் நம் மாணவர்க்குப் பழக்கிவிடின், அவர்கள் இசைவாணர் வரலாற்றை மட்டுமன்று, அரசர் வரலாற்றையும் நம் தலைவர்தம் வரலாற்றையும் தெளிந்து கற்பர். மறைந்தோர் எழுந்து வந்து மறுமொழி கூற இயலாது. அவர் பொருட்டு வினாத் தொடுக்கும் கடமை, நூலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும்.