குடியேறியோரின் இதழும் குடியுரிமையும்: கோ. சாரங்கபாணியின் இதழியல் பணி

புலம்பெயர்ந்தோர் தம் தாய்மொழியில் நடத்தும் இதழ்கள் பிறந்த மண்ணின் நினைவைப் பேணுவனவே என்பது இதழியல் வரலாற்றில் பரவலாக வழங்கும் கருத்து. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழை வளர்த்தெடுத்த கோ. சாரங்கபாணியின் (1903–1974) பணி இக்கருத்தோடு முற்றிலும் பொருந்துவதில்லை. அவர் கையில் தாய்மொழி இதழ் வந்து சேர்ந்த நாட்டில் வேரூன்றுவதற்கான கருவியாயிற்று என்பதும், அந்த வேரூன்றலே இதழுக்கு நிலையான வாசகரைத் தந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திருவாரூரில் பிறந்த சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூர் வந்து கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். அங்கே தமிழ் இதழியல் அவருக்கு முன்பே தோன்றியிருந்தது; மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ 1890 வரை வெளிவந்தது. ஆயினும், சில ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் எண்ணத்தோடு தொழிலாளர் வந்துபோன சூழலில், எழுத்தறிவும் குறைவாக இருந்த நிலையில், தொடர்ந்து காசு கொடுத்து இதழ் வாங்கும் வாசகர் திரள் உருவாவது எளிதன்று. இதழாளர் வாசகரைத் தேடினால் மட்டும் போதாது, வாசகச் சமூகத்தையே உருவாக்க வேண்டும் என்னும் நிலை இதனால் எழுந்தது.

அதற்கான கருத்தியல் அடிப்படையைச் சுயமரியாதை இயக்கம், அதாவது சாதி ஏற்றத்தாழ்வையும் சடங்கு ஆதிக்கத்தையும் எதிர்த்துப் பெரியார் ஈ.வெ.ரா. தமிழகத்தில் தொடங்கிய சமூகச் சீர்திருத்த இயக்கம், அளித்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு மேற்கொண்ட பயணம் இவ்வியக்கத்துக்கு அங்கே ஊக்கமூட்டியது. ‘முன்னேற்றம்’ வார இதழில் ஆசிரியப் பயிற்சி பெற்ற சாரங்கபாணி, தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் 1935 ஜூலையில் தொடங்கப்பட்ட ‘தமிழ் முரசை’ப் பின்னர்த் தம் பொறுப்பில் ஏற்றார். வார இதழாகத் தொடங்கிய அது 1937இல் நாளிதழாயிற்று.

இவ்வரலாற்றைக் கொண்டு ‘முரசு’ தமிழக இயக்கமொன்றின் கடல்கடந்த கிளையே என வாதிடலாம். இயக்கச் சொல்லாடல் தமிழகத்திலிருந்து வந்தது உண்மையே; ஆனால் அது எதிர்கொண்ட சிக்கல்கள் சிங்கப்பூருக்குரியவை. ‘ரிஃபார்ம்’ என்னும் ஆங்கில இதழையும் சாரங்கபாணி நடத்தியதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தமிழரிடம் தமிழில் பேசியவர், ஆங்கிலம் வழங்கிய ஆட்சியாளரிடமும் பிற இனத்தாரிடமும் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச முற்பட்டார் என்பதையே அது காட்டுகிறது.

ஜப்பானிய ஆக்கிரமிப்பு (1942–1945) முடிந்தபின் இப்போக்கு மேலும் தெளிவடைந்தது. 1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், பொங்கலையொட்டிய விழாவாக அமைந்து, சாதி, சமய வேறுபாடு கடந்து தமிழரை மொழியின் பெயரால் ஒருங்கிணைத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரும் எண்ணத்தை எதிர்த்துத் தமிழுக்கு இடம் கோரியதும், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டியதும் இதன் தொடர்ச்சியே. அதே பத்தாண்டில், உள்நாட்டுக் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளுமாறு அவர் தமிழரை வற்புறுத்தினார். மொழிப்பற்றும் குடியுரிமையும் எதிரெதிரானவை அல்ல. அந்நாட்டில் நிலைத்து வாழ்பவர்க்கே அங்குத் தம் மொழிக்கு உரிமை கோரும் தகுதி உண்டு என்பது இப்பணிகளை இணைத்த தருக்கமாகும்.

இம்முயற்சிக்கு உள்முரணும் இருந்தது. சமூகத் தலைவரும் இதழ் உரிமையாளரும் ஒருவரேயாதலால், இயக்கத்துக்குரிய ஈகத்தை ஊதியம் பெறும் ஊழியரிடமும் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம் என்னும் வினா தவிர்க்க இயலாததாயிற்று. 1963இல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் இதழ் நின்றுபோனமை, சமூகப்பணி என்னும் பெயர் முதலாளி–தொழிலாளி உறவை மறைத்துவிடாது என்பதை உணர்த்துகிறது. பின்னர் இதழ் மீண்டும் வெளிவந்து, அவர் மறைவுக்குப் பின்னும் தொடர்ந்தது. ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் சிங்கப்பூர்க் குடிமக்களாய் அதன் வாசகரானதை நோக்கும்போது, குடியுரிமைக்காக அவர் செய்த பரப்புரையை இதழ்த்தொழிலுக்குப் புறம்பான பொதுப்பணியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அதுவே அவ்விதழின் அடித்தளமாகவும் அமைந்தது.