ஈடு கேளாத நூலகங்கள்

ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு என ஒவ்வொன்றாகக் கூட்டி, உம்மாவின் கழுத்துச் சங்கிலியையும் அடகுக் கடைக்கு அனுப்பி, தந்தை ஒருவாறு மூச்சு விடும் வேளையில் பிள்ளை மற்றொரு தாளை நீட்டுகிறான். அது வாங்க வேண்டிய நூல்களின் பட்டியல். மருத்துவமோ பொறியியலோ பயில்வோர்க்கு ஒரு நூலே ஆயிரங்களை விழுங்கிவிடும். "எல்லாத்தையும் வாங்கித்தான் ஆகணுமா தம்பி?" என்று கேட்கும் தந்தையின் குரலை நாம் கேட்டிருக்கிறோம்.

கற்பதற்குரிய நூல் எட்டாத விலையில் இருப்பது இன்று நேற்று ஏற்பட்ட நிலையன்று. ஒளியியல் ஆய்வில் உலகுக்கு வழிகாட்டிய இப்னு ஹைதம், 965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்து, பிற்காலத்தைக் கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே கழித்தவர். ஆண்டுதோறும் மூன்று பாடநூல்களை அவர் தம் கையால் படியெடுப்பார். யூக்ளிடின் வடிவகணிதம் ஒன்று; தாலமியின் வானியல் நூலான அல்மஜஸ்தி மற்றொன்று; இவ்விரண்டுக்கும் இடையே பயில்வதற்கென அமைந்த 'நடுநூல்கள்' என்னும் தொகுப்பு மூன்றாவது. இவற்றை 150 எகிப்திய தீனாருக்கு விற்று, அத்தொகையைக் கொண்டே ஓராண்டுக் காலத்தை ஓட்டுவார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி குறித்து வைத்துள்ளார். விலையில் பேரம் கிடையாதாம்.

இச்செய்தியை அந்த அறிஞரின் எளிய வாழ்வுக்குச் சான்றாக எடுத்துக் கூறுவதே வழக்கம். நாம் அதனை வாங்கியவர் பக்கம் நின்று பார்க்க விரும்புகிறோம். மூன்று பாடநூல்களுக்காக ஒருவர், மற்றொரு மனிதரின் ஓராண்டுச் சோற்றையல்லவா விலையாகக் கொடுத்திருக்கிறார்! எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் காகிதம் செய்யத் தொடங்கிய பின்னர் எழுதும் பொருள் மலிந்தது. எழுதும் கையின் கூலி மலியவில்லை.

அவ்வாறாயின் பொருளற்றவன் எவ்வாறு கற்றான்? இவ்வினாவுக்கு யாகூத் அல்ஹமவி என்பாரின் வாழ்க்கையே விடை தருகிறது. சிறுவயதில் அடிமையாகப் பக்தாதுக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். அவரை விலைக்கு வாங்கிய வணிகர் எழுத்தறிவு குன்றியவர். கணக்கு எழுத ஆள் வேண்டுமே என்று சிறுவனைப் படிக்க வைத்தார். விடுதலை பெற்ற பின் யாகூத், நூல்களைப் படியெடுத்தும் விற்றும் பிழைத்தார். செல்வமோ குலப்பெருமையோ இல்லாத இம்மனிதர் ஊர் ஊராகச் சுற்றி, இன்று துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வ் நகரை அடைந்தார்.

அந்நகரில் வக்பாக விடப்பட்ட நூலகங்கள் பத்து இருந்தன என்று அவரே எழுதுகிறார். ஜும்ஆப் பள்ளியில் மட்டும் இரண்டு. அவற்றுள் ஒன்றான அஸீஸிய்யாவில் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தனவாம். அதனை வக்பு செய்தவர் மன்னரல்லர்; மர்வ் சந்தையில் பழம் விற்றுப் பிழைப்பைத் தொடங்கி, பின்னர் சுல்தான் சஞ்சரின் பணியில் உயர்ந்த ஒருவர். பழக்கூடை சுமந்தவரின் பொருள், அடிமையாய் வளர்ந்தவரின் கையில் நூலாக வந்து சேர்ந்தது.

யாகூத் தரும் மற்றொரு செய்தியே நம்மைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்துகிறது. அந்நூலகங்களிலிருந்து கடனாகப் பெற்ற நூல்கள் இருநூறுக்குக் குறையாமல் எந்நேரமும் தம் வீட்டில் இருந்தன என்றும், அவற்றின் மதிப்பு இருநூறு தீனார் என்றும், பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படவில்லை என்றும் அவர் கூறுகிறார். (இப்னு ஹைதமின் கைப்படிக்குக் கிடைத்த விலை எல்லா நூலுக்கும் கிடைத்ததன்று என்பதும் இதனால் விளங்கும்.) இருநூறு தீனார் சிறு தொகையா? வெளியூரிலிருந்து வந்த ஒருவரை நம்பி இவ்வளவையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இன்று நம் நூலகங்களில் இரண்டு நூல் எடுக்க எத்தனை கையொப்பம், எத்தனை முன்பணம்!

தம் புவியியல் பேரகராதியான 'முஃஜமுல் புல்தா'னுக்குரிய செய்திகளில் பெரும்பகுதி மர்வ் நூலகங்கள் தந்த செல்வமே என்று யாகூத் நன்றியோடு ஒப்புக்கொள்கிறார். தாத்தாரியர் படையெடுப்பு நெருங்கவே, ஹிஜ்ரி 616இல் (1219) அவர் அந்நகரை விட்டு நீங்கினார். 1221இல் மர்வ் அழிந்தது. நூலகங்களும் அதனோடு போயின.

பக்தாதில் ஹிஜ்ரி 631இல் (1234) திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவையும் இங்கே நினைவுகூர வேண்டும். தஜ்லா நதிக்கரையில் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கு பயின்றோர்க்கு உணவுடன் மாதந்தோறும் ஒரு தீனாரும் வழங்கப்பட்டது. நூலகத்திலுள்ள நூலைப் படியெடுத்துக்கொள்ள விரும்பிய மாணவனுக்குத் தாளும் எழுதுகோலும் மதரஸாவே கொடுத்தது. நூல் வாங்க இயலாதவன் தன் கையால் எழுதிக்கொள்ளட்டும், தாளின் செலவு வக்பினுடையது என்பது அவர்கள் கண்ட ஏற்பாடு.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், இதே படியெடுக்கும் உரிமை டில்லியில் வழக்காயிற்று. பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சிறு நகலகம், பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துக் கட்டி மாணவர்க்கு விற்றுவந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் 2012இல் அதன்மீது வழக்குத் தொடுத்தன. அமர்த்தியா சென் போன்ற அறிஞரே வழக்கைக் கைவிடுமாறு வேண்டினார். 2016 செப்டம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டைக் கேட்ட ஆயம் சில கூறுகளை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும், பாடம் பயிற்றுவதற்குத் தேவையான அளவு நகலெடுத்தல் குற்றமன்று என்பதை ஏற்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

நூலாசிரியனுக்கும் வயிறு உண்டு; அவன் உழைப்பைக் களவாடலாம் என்று நாம் வாதிடவில்லை. இப்னு ஹைதமும் இனாமாக எழுதித் தரவில்லையே! ஆனால் மலிவாக நூல் கிடைத்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் தலைமுறையினர் பலர், பிரிட்டிஷ் அரசின் உதவியுடன் வந்த மலிவுப் பதிப்புகளில் மருத்துவமும் பொறியியலும் பயின்றவர்கள். அத்திட்டம் 1997இல் நின்றது. சோவியத் நாட்டிலிருந்து சொற்ப விலைக்கு வந்த அறிவியல் நூல்கள் 1991இல் அந்நாட்டோடு மறைந்தன. பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. நாம் அங்கு வாங்கிய கணிதநூல் ஒன்றில், நமக்கு முன் அதனை வைத்திருந்த நால்வரின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடிக்கப்பட்டிருந்தன.

நம் சமுதாயம் கல்விக்குக் கொடுக்காமல் இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி (1951), சென்னைப் புதுக்கல்லூரி (1951) ஆகியன கொடை உள்ளங்களால் எழுந்தவையே. நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள். நூலுக்கென்று கொடுத்தவர் உண்டா என அறிய, நம் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய வக்பு ஏட்டை அண்மையில் புரட்டிப் பார்த்தோம். விளக்கெண்ணெய்க்கு ஒரு வயல். நோன்புக் கஞ்சிக்கு ஒரு தென்னந்தோப்பு. ஆதரவற்றோரின் மய்யித்துச் செலவுக்கு ஒரு கடையின் வாடகை. பயிலும் பிள்ளைகளின் நூலுக்கென ஒரு வரியையும் காணவில்லை. முத்தவல்லி அவர்களிடம் கேட்டோம்.

"யாரும் அப்படி எழுதி வைக்கலையே" என்றார் அவர். "எழுதி வெச்சா நடத்திக் கொடுக்க ஜமாஅத் இருக்கு."