சிறுமலரின் தகப்பனார்



பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் நெஞ்சோடு அணைத்து நிற்கும் குழந்தை தெரேசம்மாளின் சுரூபத்தைக் காணாதவர் நம்மில் எவருமில்லை. அந்தச் சிறுமலர் பூத்த செடியைப் பற்றி அறிந்தவர்களோ வெகு சிலர். நமது ஜூபிலி மலரின் மற்றப் பக்கங்களில், இந்தக் கோயிலை எழுப்பிய முன்னோர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அடியேன் பிரான்சு தேசத்துத் தகப்பனார் ஒருவரின் வரலாற்றை எழுத விழைகிறேன். அவர் பெயர் லூயி மார்ட்டின். அவரையும் அவர் மனைவி செலியம்மாளையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18 அன்று ஒரே திருப்பலியில் புனிதர்களாக அறிவித்தார். கணவனும் மனைவியும் ஒருசேரப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது திருச்சபை வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

லூயி மார்ட்டின் 1823 ஆகஸ்டு 22இல் போர்தோ நகரில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் அதிகாரி. குழந்தை பிறந்த வேளையில் அவர் படையோடு ஸ்பெயினில் இருந்தார். தந்தை ஓய்வு பெற்றபின் 1831இல் குடும்பம் அலான்சோன் என்ற ஊரில் குடியேறியது. பையன் போர்வீரனாகவில்லை. ரென், ஸ்ட்ராஸ்பர்க் முதலிய நகரங்களில் கடிகாரத் தொழில் பயின்றான். தனிமையும் பொறுமையும் வேண்டும் அந்தத் தொழிலுக்கு. இரண்டும் அவரிடம் நிறைய இருந்தன.

1845இல், இருபத்திரண்டு வயதில், ஆல்ப்ஸ் மலைமேல் பனிக்கு நடுவே இருந்த புனித பெர்நார்து மடத்தின் வாசலில் போய் நின்றார். பனியில் வழி தப்பிய பயணிகளை நாய்களின் துணையோடு தேடிக் காப்பாற்றிய துறவிகளின் மடம் அது. இலத்தீன் தெரியாது என்ற காரணத்தால் அவரை ஏற்கவில்லை. படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து ஆசிரியர் வைத்துப் படித்தும் பார்த்தார், நடக்கவில்லை. இலத்தீன் இலக்கணத்தோடு சிறிதேனும் மல்லாடிய எங்களைப் போன்ற குருக்களுக்கு இந்த இடத்தில் அவர்மேல் தனிப்பட்ட அனுதாபம் உண்டு!

1850இல் அலான்சோனில் சொந்தமாகக் கடிகாரக் கடை வைத்தார், நகைகளும் விற்றார். சுற்றுவட்டாரக் குடியானவர்கள் பட்டணத்துக்கு வந்து பொருள் வாங்கும் நாள் ஞாயிறு. நகை வியாபாரிக்கு அதைவிட நல்ல நாள் ஏது? ஆயினும் மார்ட்டின் கடை ஞாயிறு திறக்காது. பக்கக் கதவையாவது திறந்து வையுங்கள் என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஓய்வு நாளில் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் அமர்வது அவருக்குப் பிரியம். பிடித்த மீனைக் கிளாரம்மாள் மடத்துக் கன்னியர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

1858 ஜூலை 13, நள்ளிரவில், அலான்சோன் தேவமாதா ஆலயத்தில் செலியம்மாளைக் கைப்பிடித்தார். அந்த அம்மையாரும் இளமையில் கன்னியர் மடத்தை நாடிச் சென்று ஏற்கப்படாமல் திரும்பியவர்தான். அலான்சோன் லேஸ் பின்னுவதில் கைதேர்ந்தவர். பல பெண்களுக்கு வேலை கொடுத்துத் தொழில் நடத்தினார். அந்தத் தொழில் பெருகியபோது, 1870இல், லூயி தம் கடையை உறவினரிடம் விற்றுவிட்டு மனைவியின் வியாபாரத்துக்குக் கணக்குப் பார்க்கவும் பாரிசுக்குச் சென்று சரக்கு விற்கவும் முற்பட்டார். மனைவியின் தொழிலுக்காகத் தன் தொழிலை விட்ட ஆண்மக்கள் அக்காலத்தில் எத்தனை பேர்? இக்காலத்தில்தான் எத்தனை பேர்?

நாள்தோறும் காலை ஐந்தரை மணிப் பூசைக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள். அவர்கள் வீட்டுக் கதவு சாத்தும் ஓசை கேட்டால், "மார்ட்டின் வீட்டார் கோயிலுக்குப் போகிறார்கள், நாம் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொள்வார்களாம். வின்சென்ட் தே பவுல் சபையின் ஏழைகள் உதவியிலும், இரவு நேர நற்கருணை ஆராதனையிலும் அவர் முன்னின்றார்.

பிள்ளைகள் ஒன்பது பேர். 1867 பிப்ரவரி முதல் 1870 அக்டோபர் வரை, நான்கு ஆண்டுகள்கூட நிறையாத காலத்துக்குள், அந்த வீட்டிலிருந்து நான்கு சிறிய சவப்பெட்டிகள் வெளியே சென்றன. ஆண் குழந்தைகள் இருவர், ஐந்து வயது எலேன், பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தை. எஞ்சியவர்கள் மரி, பவுலின், லெயோனி, செலின், 1873 ஜனவரி 2இல் பிறந்த கடைக்குட்டி தெரேசா ஆகிய ஐந்து பெண்கள். மரியை வைரம் என்பார். பவுலினை முத்து என்பார். தெரேசாவோ அவருக்குக் குட்டி இராணி.

1877 ஆகஸ்டு 28இல் செலியம்மாள் மார்பகப் புற்றுநோயால் காலமானார். தகப்பனாருக்கு வயது 54, கடைக்குட்டிக்கு நாலரை. தாய்மாமன் இசிதோரின் குடும்பம் லிசியே நகரில் இருந்தது. பெண்பிள்ளைகள் அத்தையின் கண்காணிப்பில் வளரட்டும் என்று, இருபத்தேழு ஆண்டுகளாகக் கடையும் நண்பர்களும் தூண்டிலுமாக வாழ்ந்த ஊரை விட்டு லிசியே சென்றார்.

அங்கே நடந்தவற்றைச் சிறுமலரின் தன்வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். பிரசங்க வேளையில் குருவானவரைப் பார்ப்பதைவிடத் தகப்பனாரின் முகத்தைப் பார்ப்பதே தனக்கு அதிகம் சொல்லித்தந்தது என்று அந்த மகள் எழுதியிருக்கிறாள். (பிரசங்கம் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டிய வாக்கியம்!) ஆனால் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். செலியம்மாளின் கடிதங்கள் இருநூறுக்கும் மேல் நமக்குக் கிடைத்துள்ளன. லூயியின் கடிதங்களோ மிகச் சில. நாம் அவரைக் காண்பதெல்லாம் மனைவியின் எழுத்தாலும் மகள்களின் எழுத்தாலும்தான். அன்பினால் தீட்டிய சித்திரத்தில் நிழல் குறைவாகத்தான் இருக்கும். அவருடைய கடைசி ஏழு ஆண்டுகளோ எந்த வண்ணத்தாலும் மறைக்க முடியாதவை. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

1882இல் பவுலின் கார்மேல் மடம் புகுந்தாள், 1886இல் மரி. 1887 மே முதல் தேதி லூயிக்கு முதல் தடவையாகப் பக்கவாதம் கண்டது. அதே மாதம் 29ஆம் தேதி, பெந்தேகோஸ்து திருநாள் மாலையில், பதினான்கு வயது தெரேசா தோட்டத்தில் அவர் அருகே அமர்ந்து தானும் மடம் செல்ல உத்தரவு கேட்டாள். சுவரோரம் இருந்த சிறு வெள்ளைப் பூ ஒன்றை வேரோடு பறித்து அவள் கையில் கொடுத்துச் சம்மதம் சொன்னார். அவ்வருட இறுதியில் அவளை உரோமைக்கே அழைத்துச் சென்றார். 1888 ஏப்ரல் 9இல் அவளும் மடம் புகுந்தாள்.

இரண்டு மாதம் கழிந்தது. ஜூன் 23ஆம் தேதி லூயி வீட்டில் இல்லை! எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பணம் கேட்டு லெ ஆவர் துறைமுகத்திலிருந்து தந்தி வந்தது. செலினும் மாமனும் ஓடித் தேடி நான்காம் நாள் கண்டுபிடித்தார்கள். பிறகு தெளிவதும் மறப்பதுமாக மாதங்கள் சென்றன. 1889 ஜனவரி 10இல் தெரேசா துறவற உடை பெற்ற அன்று, பனி பெய்துகொண்டிருக்க, தெளிந்த முகத்தோடு வந்து மகளைக் கையைப்பிடித்து அழைத்துச் சென்றார். அதற்குப்பின் சில வாரங்களில் நோய் முற்றியது. போர்க்களம் தெரிவதாக மருண்டு, பெண்பிள்ளைகளைக் காப்பதற்கென்று துப்பாக்கியை எடுத்தார் அந்த இராணுவக்காரரின் மகன். இனி வீட்டில் வைத்திருக்க இயலாது என்று மாமன் முடிவு செய்தார். பிப்ரவரி 12ஆம் தேதி கான் நகரிலிருந்த போன் சோவேர் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதை நடத்தியவர்கள் கன்னியர்கள். ஆனால் ஊரார் வாயில் அது பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்.

ஊர் பேசாமல் இருக்குமா? பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மடத்துக்குப் போனதால்தான் மனுஷனுக்குப் புத்தி பேதலித்தது, அதிலும் கடைசிப் பெண் போனதுதான் காரணம் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு கார்மேல் மடத்தின் கம்பிக்குள்ளும் எட்டியது. கேட்டவள் பதினாறு வயதுப் பெண். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் தடித்துக் கெட்டதே நோய்க்குக் காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். அன்று அதை யார் சொன்னது? அவ்வருடம் உடை பெற்றபோதே தெரேசா தன் துறவறப் பெயரோடு 'திருமுகத்தின்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். பாடுகளில் மறைக்கப்பட்ட ஆண்டவரின் முகத்தில் தன் தகப்பனாரின் முகத்தையும் கண்டாள்.

இங்கே என் பங்கு மக்களிடம் ஒரு வார்த்தை. முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும்போது, சில வீடுகளில் ஓர் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. "அப்பாவுக்குப் பேச்சு சரியில்லை சாமி, வேண்டாம்" என்று கதவுக்கு முன்னால் நின்றுகொள்கிறார்கள். வெட்கம், மகளுக்கு வரன் தேடும் கவலை, தெருவின் வாய்க்குப் பயம். எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அறைக்குள் இருக்கிறவரைப் போன்ற ஒருவரைத்தான் திருச்சபை பீடத்தில் வைத்திருக்கிறது. 1957இல் தொடங்கிய விசாரணையில் அவர் மனநோய் மருத்துவமனையில் கிடந்ததை யாரும் ஒளிக்கவில்லை. அது தடையாகவும் இருக்கவில்லை.

லெயோனியும் செலினும் கான் நகரிலேயே அறை எடுத்துத் தங்கினார்கள். வாரம் ஒரு தடவைதான் தகப்பனாரைப் பார்க்க அனுமதி. ஆயினும் தினமும் வாசலுக்குப் போய் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து வந்தார்கள். மாதங்கள் சில சென்றபின் மாமன் அவர்களை லிசியேவுக்கு அழைத்துக்கொண்டார். மனம் தெளிந்த நாட்களில் லூயி மருத்துவமனைக் கோயிலுக்குச் சென்று நன்மை வாங்குவார். வாழ்நாளில் தமக்கு அவமானம் என்பதே நேர்ந்ததில்லை, ஒன்று தேவையாயிருந்தது என்று மருத்துவரிடம் சொன்னாராம். அதே மனிதர், 1889 ஜூனில் சொத்து நிர்வாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்தபோது, பிள்ளைகள் தம்மை நம்பவில்லையே என்று அழவும் செய்தார். புனிதர்கள் அழமாட்டார்கள் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

மூன்றேகால் ஆண்டுகள் கழித்து, 1892 மே 10இல், கால்கள் முற்றும் விழுந்து, இனி எங்கும் ஓடிப்போக முடியாது என்றான பிறகு, வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் சென்று கார்மேல் மடத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். கம்பிக்கு அப்பால் மூன்று மகள்கள். பேச்சு எழவில்லை. விடைபெறும்போது விரலை மேலே உயர்த்தி, மோட்சத்தில் சந்திப்போம் என்பதைப்போல் ஒரே வார்த்தை சொன்னார். மடத்திலிருந்த பிள்ளைகள் அவரை மீண்டும் காணவில்லை.

அதற்குப்பின் இரண்டு ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தள்ளுவண்டியில் வைத்து வெயில் காட்டியவர்களில் முக்கியமானவள் செலின். அவளுக்கும் கார்மேல் மடம் புக வேண்டும் என்ற ஆசை வெகுகாலமாக இருந்தது. கல்யாணம் பேசி வந்தவரையும் மறுத்துவிட்டிருந்தாள். தங்கை தனக்கு முன்னே போனபோதும் தகப்பனாருக்காக வெளியே தங்கினாள். 1894 ஜூலை 29ஆம் தேதி, மாமனின் கிராமத்து வீடான லா முஸ்ஸில், அவள் அருகிலிருக்கவே லூயி மார்ட்டின் உயிர் பிரிந்தது. வயது 70.

நாற்பத்தேழு நாட்கள் கழித்து, செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளன்று, செலின் மடத்துக்குள் சென்றாள். போகும்போது தன் புகைப்படக் கருவியையும் கொண்டுபோனாள். கார்மேல் உடையில் தெரேசம்மாள் நிற்கும் படங்களுள் பெரும்பாலானவை அந்தக் கருவியால் செலின் எடுத்தவை.