சாட்சியமும் சுமையும்: ஈழத்துத் திருப்பணியாளர் வரலாறும் ரொறன்ரோத் தமிழரும்

ரொறன்ரோ மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில், ஜோர்ஜியன் விரிகுடாவை அண்டிய மிட்லண்ட் நகரில், கனடிய மறைசாட்சியர் திருத்தலம் அமைந்துள்ளது. 1642க்கும் 1649க்கும் இடையில் கொல்லப்பட்ட எண்மர் அங்கு நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுள் அறுவர் இயேசு சபைக் குருமார். ஏனைய இருவர் அவர்களுக்குத் துணைநின்றவர்கள். 1930ஆம் ஆண்டு இவ்வெண்மருக்கும் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. கோடைதோறும் இத்தலத்திற்கு யாத்திரை செல்லும் இனக்குழுமங்களுள் ரொறன்ரோப் பெரும்பாகத் தமிழர் குறிப்பிடத்தக்கவர்கள். மடுத் திருவிழாவிற்குக் கூடாரமடித்துத் தங்கிப் பழகிய மக்கள், பிரெஞ்சுக் குருமாரின் நினைவிடத்தில் தமது பழைய யாத்திரை வழக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டனர் எனலாம்.

இப்பொருத்தம் தற்செயலானதன்று. வென்டாட் மக்களின் மொழியைப் பயின்று, அவர்கள் நடுவே வாழ்ந்து, 1649 மார்ச் 16 அன்று கொல்லப்பட்ட ழான் தெ பிரெபோப் அடிகளாரின் வரலாறு, தமிழ்க் கத்தோலிக்கர் நன்கறிந்த மற்றொரு வரலாற்றை நினைவூட்டுகிறது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜோன் தெ பிரித்தோ, அருளானந்தர் என்ற பெயருடன் காவியுடுத்தி மறவர் சீமையில் பணியாற்றினார். 1686இல் சிறைப்பட்டு வதையுற்றார். ஐரோப்பாவிற்குத் திரும்பிய பின்னரும் அங்கேயே தங்கியிருக்க மறுத்து மீண்டும் வந்தார். 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை துண்டிக்கப்பட்டார். இரு துறவியரும் ஒரே சபையினர், ஒரே நூற்றாண்டினர்.

எனினும் வரலாற்று மாணவர் கருதத்தக்க பிறிதோர் ஒற்றுமையும் உண்டு. இவ்விருவரின் பாடுகளும் இன்று அறியப்படுவதற்குக் காரணம் அவர்கள் மாண்ட விதம் மட்டுமன்று. இயேசு சபையார் ஆண்டுதோறும் எழுதிய மடல்கள், மேலாளருக்கு அனுப்பிய அறிக்கைகள், அவற்றைப் பேணிய உரோமை ஆவணக் களரிகள் ஆகியவையும் காரணங்களாகும். நியூ பிரான்சிலிருந்து 1632 தொடங்கிப் பாரிசில் ஆண்டுதோறும் அச்சேறிய அறிக்கைகள் இன்றேல் மிட்லண்டில் கோயில் எழுந்திருக்குமா என்பது ஐயமே. அத்தகைய எழுத்துக் காப்பு வாய்க்கப்பெறாத திருப்பணியாளர் பலர் உளர். குறிப்பாக, 1980களுக்குப் பின் ஈழத்தில் பணியாற்றிய தமிழ்க் குருமாரும் போதகர்களும் சுமந்தவை எவை, அவற்றுள் எவை ரொறன்ரோவுக்குப் புலம்பெயர்ந்த சமூகத்தின் வாழ்வில் தொடர்கின்றன என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

தலைமறைவுத் திருப்பணியின் மரபு

ஈழத்தில் திருப்பணி ஆபத்தான தொழிலாக மாறியது இருபதாம் நூற்றாண்டில் அன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் நாட்டினுள் நுழைவதே குற்றமாயிருந்தது. கோவையிலிருந்து, அதாவது இன்றைய கோவாவிலிருந்து, 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த யோசே வாஸ் அடிகளார், நோயுற்ற நிலையில் மக்களின் ஆதரவால் பிழைத்து, சில்லாலையில் தங்கி இரவு வேளைகளில் பணியாற்றினார். கண்டி இராச்சியத்தை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் அந்நகரில் அம்மை நோய் பரவிய காலத்தில், கைவிடப்பட்டோரைத் தாமே பராமரித்தார். 1711இல் கண்டியில் மறைந்த அவருக்கு 2015 ஜனவரியில் கொழும்பில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

மருதமடு அன்னையின் திருவுருவமும் இத்தலைமறைவுக் காலத்தின் நினைவுச் சின்னமேயாகும். ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சிய மக்கள் 1670 அளவில் மாந்தையிலிருந்து அதனைக் காட்டுக்குள் எடுத்துச் சென்றனர் என்பது மரபு. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே திருவுருவத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். முந்நூறு ஆண்டு இடைவெளியில் அதே சொரூபம் மீண்டும் அகதியாயிற்று. யாத்திரைத் தலங்களின் வரலாற்றை எழுதுவோர் இச்செய்தியை வெறும் பக்திச் செய்தியாகக் கடந்துவிடுகின்றனர். அது பிழையாகும். மக்களோடு பெயர்தல் என்பது இம்மண்ணில் திருப்பணியின் இலக்கணமாகவே ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

போர்க்காலத்தின் பெயர்கள்

1984 டிசம்பரில் மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பகுதியில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். ஒரு மாதங்கூட நிறைவுறா முன்னரே, 1985 ஜனவரி 6 அன்று, வங்காலைப் பங்குக் குரு மேரி பஸ்ரியன் அடிகளார் ஆலய வளாகத்திலேயே சுடப்பட்டார். இராணுவத்தினரே சுட்டனர் என மக்கள் கூறினர், அரசு மறுத்தது. அவரது உடல் கிடைக்கவில்லை. 1988 ஜூன் 6 அன்று, மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15 அன்று, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தம் ஸ்கூட்டரில் வரும் வழியில் காணாமற் போனார். 1948 முதல் அம்மண்ணில் வாழ்ந்து, புனித மிக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தாட்டத்தில் பயிற்றுவித்த ஆசிரியர் அவர். அவருடன் சென்ற இளைஞனும் திரும்பவில்லை.

இப்பட்டியல் மேலும் நீளும். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. அண்மையிலேயே பங்கைப் பொறுப்பேற்றிருந்த ஜிம் பிறவுண் அடிகளார் எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் சென்றார். அதே மாதம் 20ஆம் நாள் அவரும் உடன்சென்ற பங்கு உறுப்பினர் ஒருவரும் காணாமற் போயினர். 2007 செப்டெம்பர் 26 அன்று, இடம்பெயர்ந்தோருக்கு உதவிப் பொருள் கொண்டுசென்ற பாக்கியரஞ்சித் அடிகளாரும், 2008 ஏப்ரல் 20 அன்று, வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்த கருணாரத்தினம் அடிகளாரும் வன்னியில் கிளைமோர் தாக்குதல்களில் மாண்டனர்.

இப்பெயர்களை வரிசைப்படுத்தும்போது ஓர் உண்மை புலனாகிறது. இவர்களுள் எவரும் சமயப் போதனைக்காகக் கொல்லப்பட்டவர் அல்லர். பிரஜைகள் குழு, உதவிப் பொருள் விநியோகம், மனித உரிமை ஆவணப்படுத்தல், இடம்பெயர்ந்தோருக்கு அடைக்கலம் என்பனவே இவர்கள் பெரும்பாலோர் மேற்கொண்டிருந்த பணிகள். சிவில் நிர்வாகம் செயலிழந்த ஊர்களில் இராணுவ முகாமுக்குச் சென்று கைதானவரைப் பற்றி வினவவும், பெயர்களைக் குறித்துக்கொள்ளவும், தூதரகங்களுக்கு மடல் எழுதவும் எஞ்சியிருந்தவர் குருவானவரே. வெள்ளை அங்கி சிறிது காலம் காப்பாக இருந்தது. பின்னர் அதுவே அடையாளமாயிற்று. மறைசாட்சி என்ற பழஞ்சொல்லில் உள்ள 'சாட்சி' என்னும் பகுதி இங்கு நீதிமன்றப் பொருளையும் ஏற்றுக்கொண்டது.

அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்ததெனக் கூறுவது வரலாறாகாது. 2009இன் இறுதிக்கட்டத்தில் வலைஞர்மடம் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த இளையோர் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளால் பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்டதை, ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. ஆலயக் கதவை இரு தரப்பினருக்கும் எதிராகச் சாத்தவேண்டியிருந்த குருமாரின் நெருக்கடியைப் புலம்பெயர் நாடுகளில் வெளிவந்த நினைவு மலர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பேசாமைக்குக் காரணங்கள் உண்டு. ஆயினும் அவ்வாறு மௌனம் காப்பது, அவர்கள் சுமந்ததில் பாதியை மறைத்துவிடுகிறது.

2009 மே 18 அன்று இருவேறு நிகழ்வுகள் நேர்ந்தன. வன்னி மக்களோடு இறுதிவரை தங்கி வெளிவந்த சரத்ஜீவன் அடிகளார், உடல் தளர்ந்து அன்றே உயிர்நீத்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், வட்டுவாகலில் சரணடைந்தோருடன் இராணுவத்தினரிடம் சென்றார். சரணடைந்தோரின் பெயர்களை அவர் பட்டியலிட்டதைக் கண்டதாகச் சாட்சிகள் கூறுவர். அவரும் அப்பட்டியலும் திரும்பவில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற்றுக்கு அவர் மடல் ஒன்று வரைந்திருந்தார்.

எண்ணிக்கையின் பணியும் ஒரு திருப்பணியாளரிடமே வந்து சேர்ந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப், 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி, கணக்குகளை எடுத்துக்காட்டினார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு யாது நேர்ந்தது என்று வினவினார். ஒரு கழித்தல் கணக்கு. அதற்கு மேல் அவர் எதையும் சேர்க்கவில்லை. 2021 ஏப்ரல் 1 அன்று அவர் மறையும்வரை அவ்வினாவிற்கு விடை வரவில்லை.

ரொறன்ரோவில் தொடர்ந்த சுமை

1983 ஆடிக் கலவரத்திற்குப் பின் கனடிய அரசு இலங்கையருக்கெனச் சிறப்பு நடவடிக்கைகளை அறிவித்தது. 1985 ஏப்ரலில், சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளர் நேரில் கேட்கப்படும் உரிமையை உறுதிசெய்தது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டனர். இந்நிகழ்வுகள் குடிவரவு வரலாற்றில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. நேரில் கேட்கும் உரிமை கிடைத்ததும் சாட்சிக்குத் தேவை மிகுந்தது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. இன்னார் இன்ன ஊரவர், இன்ன ஆண்டில் இன்ன ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று எழுதித்தர வேண்டியவர் பங்குக் குருவோ போதகரோதான். கச்சேரிப் பதிவேடுகள் எட்டாத நிலையில், ஆலயப் பதிவேடே ஒருவரின் இருப்புக்கு ஆதாரமாயிற்று. ஊரில் எழுதப்பட்ட மடல் ரொறன்ரோவின் விசாரணை அறையில் வாசிக்கப்பட்டது.

ரொறன்ரோவுக்கு வந்த திருப்பணியாளரின் நிலை வேறு. கத்தோலிக்கர், ஸ்கார்பரோவில் ஆரோக்கிய அன்னையின் பெயரால் அமைந்த தமிழ்ப் பங்கைப் பெற்றனர். மறைமாவட்டத்தின் அமைப்பு வலு அவர்களுக்குத் துணையாக இருந்தது. சிறு புரட்டஸ்தாந்து சபைகளுக்கும் பெந்தெகோஸ்தே சபைகளுக்கும் அத்தகைய பின்புலம் அரிது. வேறொரு சபையின் கோயிலில் ஞாயிறு பிற்பகல் நேரம் இரவல் பெறுதல், பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்தல், வார நாட்களில் தொழிற்சாலையிலோ பண்டகசாலையிலோ உழைத்து வார இறுதியில் பிரசங்கித்தல் என்பன பொதுவான அனுபவங்கள். போதகரின் துணைவியார் ஞாயிறு பள்ளி முதல் பனிக்காலச் சவாரி ஒழுங்குவரை ஊதியமின்றிச் சுமந்ததை எந்தச் சபை அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர், வைத்தியசாலைத் துணையாள், குடும்பப் பிணக்குத் தீர்ப்பவர், உடலை ஊருக்கு அனுப்ப ஒழுங்கு செய்பவர் என அப்பணி விரிந்தது. ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தமிழில் மட்டுமே செபிக்கத் தெரிந்த பெற்றோருக்கும் ஒரே ஆராதனையில் பேசவேண்டிய சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

இவையனைத்திலும் கடினமானது காணாமற் போனோருக்கான செபமே. உடல் இல்லாதவிடத்து அடக்கச் சடங்கு இல்லை. முப்பத்தோராம் நாள் இல்லை. கல்வெட்டு அச்சிட நாள் இல்லை. இறந்தோருக்கான திருப்பலி ஒப்புக்கொடுக்குமாறு குருவானவர் சொன்னால், தாயின் நம்பிக்கையை அவரே முறித்ததாகும். உயிரோடிருப்பார் எனத் தேற்றினால், முடிவற்ற காத்திருப்பிற்கு அவரே பொறுப்பாவார். இலங்கை அரசு 2010இல் காணாமற் போனோருக்கு மரணச் சான்றிதழ் பெறச் சட்டவழி அமைத்தது. குடும்பங்கள் பல அதனை மறுத்தன. 2016இல் காணாமற் போனமைச் சான்றிதழ் அறிமுகமாயிற்று. சட்டம் தேடிக்கண்ட அந்த இடைச்சொல்லுக்கு நிகரானதொரு வழிபாட்டு முறைமை திருச்சபைகளிடம் இல்லை. ஸ்கார்பரோவின் செபக்கூட்டங்களில் மன்றாட்டு நேரத்தில் ஒரு பெயரை எந்தப் பட்டியலில் வாசிப்பது என்னும் தீர்மானம், பொதுவாக அப்போதகர் ஒருவரின் தோளிலேயே விழுகிறது. ஜிம் பிறவுண் அடிகளாரையும் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரையும் நினைவுகூரும் குருமாருக்கு இதே வினா தம் உடன்பணியாளரைப் பற்றியே எழுகிறது.

ஆவணமும் எதிர்காலமும்

தமிழியல் ஆய்வு மாநாடுகள் ஒரு கத்தோலிக்கக் குருவின் முயற்சியால் தொடங்கியவை. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையத் தூண்டுகோலாயிருந்த தனிநாயகம் அடிகளார், இளங்குருவாக வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஆற்றிய காலத்தில் தமிழை முறையாகப் பயின்றவர். அவரது புலமை நன்கு பதிவாகியுள்ளது. பங்குப் பணியாளராக மட்டும் வாழ்ந்தவரின் தாள்களோ வேறு கதியடைந்தன. 1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோதும், வன்னியில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோதும், நற்கருணைப் பாத்திரத்தையும் பதிவேட்டையும் எடுத்துச் செல்ல முடிந்தவர் எடுத்துச் சென்றனர். நாட்குறிப்புகளும் மடல்களும் பெரும்பாலும் எஞ்சவில்லை.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவரான சா. ஜே. வே. செல்வநாயகத்தின் ஆவணங்களைப் பேணிவருகிறது. நூலகம் நிறுவனத்துடன் இணைந்து ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டுள்ளது. அரசியல் தலைவரின் கோப்புகளுக்குக் கிடைத்த இடம், ஊர்க் குருவானவர் முகாமுக்குச் சென்று குறித்துவந்த பெயர்க் கொப்பிகளுக்கும் கிடைக்கத்தக்கது. அக்கொப்பிகளை எழுதியவருள் உயிரோடிருப்போர் முதுமையை எய்திவிட்டனர். ஓய்வுபெற்ற சிலர் ரொறன்ரோவிலேயே பிள்ளைகளுடன் வாழ்கின்றனர். விசாரணைக்கு அழைக்கப்படலாம் என்ற அச்சத்திலும், கூறியோரின் பெயர் வெளிப்பட்டுவிடும் என்ற கவலையிலும், அவர்கள் வைத்திருப்பவை இன்னும் அலுமாரியின் அடித்தட்டிலேயே கிடக்கின்றன.