குக்கியும் கைபேசியும்: ஸ்ரீபெரும்புதூர் வழியே ஒரு வரலாறு

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. சற்றுமுன் ஒரு பக்கத்தைக் கேட்டவர்தான் இப்போது அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பது சர்வருக்குத் தெரியாது. இதற்கு 1994-இல் நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மாண்டூலி கண்ட தீர்வுதான் குக்கி. எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒன்றைத் திட்டமிட்டிருந்தது. முடியாமல் நிற்கும் கொள்முதல்களின் விவரத்தைத் தன் சர்வரில் சுமக்க அது விரும்பவில்லை. எனவே சர்வர் தன் பதிலின் முகப்பில் ஒரு சிறு குறிப்பை அனுப்பும். பிரவுசர் அதைச் சேமித்து, பிறகு வரும் ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பிக் காட்டும்.

சர்வர் நிரலாளர்கள் விரைவிலேயே ஒரு வழக்கத்துக்கு வந்தார்கள். குக்கியில் ஏறக்குறைய 4 கிலோபைட்தான் கொள்ளும். பயனர் அதைத் திருத்திவிடவும் முடியும். ஆகவே பெயர், கூடையில் உள்ள பொருள்கள் போன்றவற்றைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்றை மட்டும் குக்கியில் அனுப்பினார்கள். இதுவே செஷன். 2000-இல் வந்த பிஎச்பி 4 இதை மொழிக்குள்ளேயே சேர்த்தது.

இவ்வளவும், பயனர் கையில் இருக்கும் கருவிக்குக் குக்கியைச் சேமிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் நின்றது. மலிவான கைபேசிகளிடம் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அத்தகைய கைபேசிகள் பெருமளவில் உருவான இடங்களில் ஒன்று ஸ்ரீபெரும்புதூர். ஹூண்டாயின் கார் தொழிற்சாலை 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கியபின் வளர்ந்த இந்தத் தொழில் வட்டாரத்தில், 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அதன் தொழிலாளர்களில் பெரும்பகுதி.

இத்தகைய கைபேசிகள் இணையத்தை அடைந்த வழி வாப். 1999-இல் நோக்கியா 7110 மூலம் அறிமுகமான இந்த முறையில் கைபேசி இணையத்தோடு நேரடியாகப் பேசவில்லை. இடையே தொலைபேசி நிறுவனத்தின் கேட்வே நின்று பக்கத்தைச் சுருக்கிக் கொடுத்தது. கைபேசியின் நினைவகம் சிறியது என்பதால், அதன் சார்பில் கேட்வேயே குக்கிகளை வைத்துக்கொள்ளலாம் என்று வாப் மன்றத்தின் 2000-ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது. அதாவது பயனரின் அடையாளக் குறிப்பு அவர் கையில் அல்ல, தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் இருந்தது. எல்லா கேட்வேயும் இதைச் செய்யவும் இல்லை. குக்கி வராத இடத்தில் சர்வருக்கு ஒவ்வொரு சொடுக்கும் புதிய ஆளாகவே தெரிந்தது. உள்நுழைந்தவர் அடுத்த பக்கத்திலேயே வெளியே நின்றார்.

நிரலாளர்கள் கண்ட மாற்று, செஷன் எண்ணை ஒவ்வொரு இணைப்பு முகவரியின் வாலிலும் ஒட்டுவது. ஜாவா சர்வ்லெட்டில் இதற்கென ஒரு செயற்கூறு உண்டு. பிஎச்பியில் அப்போது ஒரு அமைப்பை மாற்றினால் போதுமாயிருந்தது. இதன் ஆபத்து பெரிது. அந்த முகவரியை எஸ்எம்எஸ்ஸில் நண்பருக்கு அனுப்பினால், உள்நுழைந்த கணக்கும் கூடவே போய்விடும். இந்த ஆபத்தை அறிந்துதான் 2009-இல் பிஎச்பி 5.3, செஷனுக்குக் குக்கி மட்டுமே என்பதை இயல்பு அமைப்பாக்கியது. பாதுகாப்பின் பார்வையில் அது சரியான முடிவு. ஆனால் குக்கி தெரியாத கைபேசிக்கு மாற்று ஏற்பாடு செய்யாத தளங்கள், ஏழை வாடிக்கையாளரை வாசலிலேயே நிறுத்தின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரித் தகராறில் சிக்கிய நோக்கியா ஆலை, நோக்கியாவின் கைபேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பின்னர் அந்த வளாகத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. 2019-இல் அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் எக்ஸ்ஆரை ஒன்றுசேர்க்கத் தொடங்கியது.

இங்கே சிக்கல் தலைகீழானது. ஐபோனுக்குக் குக்கியைச் சேமிக்க இடம் ஏராளம். ஆனால் எல்லாக் குக்கிகளையும் அது ஏற்பதில்லை. பார்க்கும் தளத்துக்குச் சம்பந்தமில்லாத விளம்பர நிறுவனங்களின் குக்கிகளை 2020 மார்ச்சில் ஐபோனின் பிரவுசரான சஃபாரி முழுவதுமாகத் தடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளுக்கு 7 நாள் ஆயுள் விதித்திருந்தது. தளத்தின் சர்வர் தன் பதிலோடு அனுப்பும் குக்கிக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் உள்நுழைவுக் குக்கியை எழுதும் வேலை மறுபடியும் சர்வர் நிரலாளரிடமே வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடியும், மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டும் செல்லும்படியும், பிற தளங்கள் தூண்டும் கோரிக்கைகளோடு சேராதபடியும் மூன்று அடையாளங்களை இட்டே அவர் இன்று அதை அனுப்புகிறார்.