இரண்டாம் வாயில்: சிற்றூர்களுக்குக் கணிப்பொறி வந்த வரலாறு

நம் மக்கள் புதிய கருவிகளைக் கண்டு ஒதுங்கி நின்றவர்கள் அல்லர். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 'பறையன்' என்னும் இதழைச் சென்னையில் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பாக அச்சேற்றிய துணிவு அது. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். ஓராண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் வரையில் அதற்கு வாசகர் இருந்தனர். பண்டிதர் 1914-இல் மறைந்த பின்னர் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் சில காலம் வெளிவந்தது. அச்சுப்பொறி அந்நாளில் எத்துணைப் புதுமையும் செலவும் உடையதாயிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அம்முன்னோர் செய்த செயலின் அளவு விளங்கும்.

அச்சுப்பொறியை நம்மவர் தாமே தேடிச் சென்று கைக்கொண்டனர். கணிப்பொறியோ அவ்வாறு வரவில்லை. சிற்றூர்களுக்கு அதனை முதன்முதலில் கொண்டு வந்தவை பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே. அவை எவர் இடத்தில் அதனை வைத்தன, எவர் கையில் அதன் சாவியைக் கொடுத்தன என்பதைப் பொறுத்தே அது நமக்கு எட்டியதும் எட்டாது போனதும் நிகழ்ந்தன. நம் கல்விச் சங்கம் தன் வெள்ளிவிழா ஆண்டில் கணிப்பொறிப் படிப்பகம் ஒன்றை நிறுவ முடிவு செய்திருக்கும் வேளையில், அந்த வரலாற்றின் சில பகுதிகளை உறுப்பினர் முன் வைக்க விரும்புகிறோம்.

தமிழ் வழங்கும் நிலப்பகுதியில் இதற்கு முன்னோடியாக அமைந்தது புதுச்சேரி. வேளாண் அறிவியலறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியுடன், 1998-இல் புதுச்சேரியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். அங்கிருந்து பிற ஊர்களுக்குக் கம்பியில்லா வானொலி அலைகள் வழியே செய்தி சென்றது. அந்நாளில் ஊர்தோறும் தொலைபேசி இல்லை; இருந்த இடத்திலும் நம்பத் தக்கதாயில்லை. மின்சாரம் அடிக்கடி நின்றமையால் கதிரொளித் தகடுகள் பொருத்தப்பட்டன. விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளே இருந்தன. அவற்றைக் கொண்டே ஊர்ப் பெண்களும் இளைஞரும் தமிழைத் தட்டச்சு செய்யப் பழகினர். தமிழ் எழுத்துருக்களுக்கும் விசைப்பலகைக்கும் பொதுத்தரம் காணச் சென்னையில் மாநாடு கூடியதே 1999-இல்தான் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இம்மையங்களில் கிடைத்தவை எளிய செய்திகளே. அரசுத் திட்டங்களின் விவரம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் பட்டியல், விளைபொருள் விலை, மருத்துவமனை விவரம் முதலியன. பட்டியலில் தம் பெயர் உளதா இலதா என்பதை ஏழை ஒருவர் தம் ஊரிலேயே கேட்டறிய முடிந்தது. அலுவலகத் திண்ணையில் நாள் முழுதும் காத்திருந்து பழகியவர்களுக்கு அது சிறு செய்தி அன்று. 'நம்ம ஊரு செய்தி' என்னும் மாதமிருமுறை இதழும் வெளிவந்தது. கடலோர ஊராகிய வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அலையுயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவித்தனர். போருக்கெனத் திரட்டிய செய்தி கட்டுமரக்காரரின் காலை வேலையைத் தீர்மானித்தது விந்தைதான். 2004 டிசம்பர் 26 அன்று கடல்கோள் வந்தபோது, நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் மையத்தின் கதவை உடைத்து உட்புகுந்து ஒலிபெருக்கியில் அறிவித்துத் தப்பினர். அன்று ஊரைக் காத்தவை ஒரு தொலைபேசியும் ஒலிபெருக்கியும். ஆனால் அவ்வொலிபெருக்கி அங்கே இருந்ததற்குக் காரணம் அம்மையம்.

நம் கவனத்துக்குரியது ஏம்பலம். மையம் அமைக்க விரும்பும் ஊர் இடத்தை வாடகையின்றித் தரவேண்டும். பணியாற்றத் தன்னார்வலரைத் தரவேண்டும். சாதி, பால், மத வேறுபாடின்றி எவரும் நுழைய இசையவேண்டும் என்பன நிறுவனம் விதித்த நிபந்தனைகள். ஏம்பலத்தார் கோயிலின் ஒரு பக்கத்தையே அதற்கு அளித்தனர். அக்கோயிலுக்கு இரண்டு வாயில்கள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2000 மே மாதத்தில் விரிவாக எழுதியது. ஒரு வாயில் வழிபாட்டுக்குரியது. தாழ்த்தப்பட்டோரும் மாதவிலக்கான பெண்களும் அதன்வழி நுழையக்கூடாது. மற்றொன்று கணிப்பொறி இருந்த அறைக்குரியது; எவரும் நுழையலாம்.

இந்நிகழ்ச்சியைப் புகழ்ந்தோர் பலர். நாமும் அதைச் சிறுமைப்படுத்த மாட்டோம். கோயில் மதிற்சுவருக்குள் நம்மவர் காலூன்றி, ஒரு பெண் இயக்கிய எந்திரத்தின் முன் அமர்ந்து தம் வினாவுக்கு விடை பெற்றனர் என்பது உண்மை. எழுத்தில் போட்ட நிபந்தனை ஒன்று, மேடைப் பேச்சு பல செய்யாததைச் செய்தது என்பதும் உண்மை. ஆயினும் அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த அதே 2000-இல், முதல் வாயில் மூடியே இருந்தது. புதிய கருவிக்குப் புதிய வாயில் திறந்தது. பழைய வாயிலைப் பற்றி எவரும் பேசவில்லை. எங்கோ நடந்த அதிசயமாக அயல்நாட்டார் இதனைப் படித்திருக்கலாம். நமக்கு அது நாள்தோறும் காணும் ஊர்.

இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டசபையில் கொண்டு வந்த தீர்மானம் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் ஆகியவற்றில் நம்மவர்க்குள்ள உரிமையை நிலைநாட்டியது. அதற்குப் பின்னும் ஒவ்வோர் ஊரிலும் 'பொது' என்ற சொல் ஊர்த்தெருவையே குறித்து வந்தது. அறிவு மையங்களும் பொது இடத்தைத் தேடியபோது அவற்றுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஊர்த்தெருவின் இடங்களே.

இதற்கு அளவிட்ட சான்று மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் கிடைத்தது. 2001 முதல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ஆர்வர்டு பல்கலைக்கழகம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலியன கூடி, கம்பியில்லா இணைப்பு வழியே அவ்வட்டத்துச் சிற்றூர்களில் இணைய மையங்களைத் தொடங்கின. சிலவற்றைத் தனியார் தொழிலாக நடத்தினர். சிலவற்றைத் 'தானம்' அறக்கட்டளை நடத்தியது. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குற்றத்துக்காக முருகேசனும் அவருடன் சென்றோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவு அதே வட்டத்தில்தான் உளது. ஆகவே அங்கே ஒரு பொது அறைக்குள் யார் நுழைவார் என்பது வெறும் வசதி பற்றிய வினா அன்று.

இம்மையங்களை ஆராய்ந்த இராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006-இல் வெளியிட்ட முடிவு நமக்கு மிகவும் பயன்படுவது. மையங்களுக்கு வந்தோரில் பெரும்பாலோர் இளைஞர், ஆண்கள், படித்தவர், வசதியுடையோர், முன்னேறிய சமூகத்தார். ஆனால் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கு அருகே மையம் அமைந்த இடங்களிலும், நம்மவருள் ஒருவரே முன்னின்று பிறரை அழைத்து வந்த இடங்களிலும் நிலை மாறியது. நம்மவர் கூடுதலாக வந்தனர். எந்திரம் ஒன்றே, கட்டணமும் ஏறக்குறைய ஒன்றே. தெருவும் அழைத்தவரும் வேறு.

அம்மையங்களின் முடிவும் ஒரு பாடமே. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை மையத்திலிருந்தே மேலூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு முதலில் நன்கு நடந்தது. ஆதரவளித்த அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றதும் அது நின்றது. மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. சாதிச் சான்றுக்காக நம் பிள்ளைகள் எத்தனை முறை அலைகின்றனர் என்பதை அறிந்த நமக்கு, நின்றுபோன அவ்வேற்பாட்டின் இழப்பு புரியும்.

'ஒவ்வொரு சிற்றூரும் ஓர் அறிவு மையம்' என்ற முழக்கத்துடன் நாடெங்கும் இயக்கம் எழுந்ததையும், 2006-இல் நடுவண் அரசு ஓரிலட்சம் பொதுச்சேவை மையங்களுக்கு ஒப்புதல் அளித்ததையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. தொண்டு நிறுவனம் செய்து காட்டிய பணி அரசின் பணியாயிற்று. ஆனால் 'எவரும் நுழையலாம்' என்ற அந்த நிபந்தனையை ஒவ்வோர் ஊரிலும் நின்று காப்பார் அருகினர்.

வேறொரு திருப்பமும் நேர்ந்தது. ஊருக்குக் கணிப்பொறி கொண்டு சென்ற தொண்டு நிறுவனங்களைப் பின்னர் கணிப்பொறி வழியே அரசு கணக்குக் கேட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறுவோரின் ஆண்டறிக்கை 2015 முதல் இணையத்தில் மட்டுமே ஏற்கப்பட்டது. வருமான வரிச் சலுகைக்காக முன்னரே பதிந்திருந்த அமைப்புகளும் 2021-இல் மீண்டும் இணையத்தில் பதிய நேர்ந்தது. பெருநகர நிறுவனங்களுக்கு இது ஓர் எழுத்தர் வேலை. நம்மைப் போன்று உறுப்பினர் சந்தாவில் நடக்கும் சங்கத்துக்கோ, தணிக்கையாளர் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து, ஒரு மாதச் சந்தாவைச் செலவிட்ட வேலை. நம் சங்கத்தில் கையெழுத்துப் பேரேடு கணிப்பொறிக்கு மாறியது இவ்வாறுதான், ஆர்வத்தினால் அன்று.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கருவியின் தேவை வீட்டு வாயிலுக்கே வந்தது. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் வகுப்பறைக்குத் திரும்பினர். இடைக்காலத்தில் பாடம் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நடந்தது. நம் இரவுப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் இருந்த ஒற்றைக் கைப்பேசி, காலையில் தந்தையுடன் கட்டட வேலைக்குச் சென்று இருட்டிய பின்னர் திரும்பியது. திரும்பியதும் முதலில் அதனைக் கையில் எடுத்தவன் அண்ணன். தங்கையின் முறை வருமுன் மின்னேற்றம் தீர்ந்தது. கருவி வீட்டில் இருப்பதும் அது ஒரு பெண்குழந்தைக்குக் கிட்டுவதும் வெவ்வேறு என்பதை அவ்விரண்டு ஆண்டுகளில் கண்டோம்.

இனி நம் படிப்பகம். கடைவீதியில் நல்ல கட்டடம் ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. காலனியில் இரவுப் பள்ளியை ஒட்டிய அறை நம்முடையது. ஓடு மாற்றவேண்டும், மின்னிணைப்புப் பெறவேண்டும். கடைவீதியே தகும் என்போரின் வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. நம் பிள்ளைகள் பொது வீதியில் தலைநிமிர்ந்து அமரவேண்டும். காலனிக்குள் வைத்தால் அது மீண்டும் ஒரு தனிக்கிணறு ஆகிவிடும் என்கின்றனர் அவர்கள். தனிக்கிணறுகளின் கசப்பை அறிந்தவர்கள் சொல்லும் சொல் இது.

ஆயினும் மேலே கண்ட வரலாற்றைக் கொண்டு காலனியையே நாம் பரிந்துரைக்கிறோம். கடைவீதியில் வைத்தால் முதலில் வருவோர் எவர் என்பதை மேலூர் காட்டியிருக்கிறது. ஏம்பலத்தில் எழுதிய நிபந்தனையை நாமும் எழுதுவோம்: எச்சாதியாரும் எம்மதத்தாரும் நுழையலாம். ஊர்த்தெருப் பிள்ளைகளும் வரட்டும்; வந்து நம் பிள்ளைகளின் அருகே அதே விசிப்பலகையில் அமரட்டும். வாயில் ஒன்றே போதும்.

நேரம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை. வயல்வேலை முடிந்து வருவோர்க்கு அதுவே தகும். வாரத்தில் இரண்டு மாலைகள் பெண்களுக்கு மட்டும். சாவி மகளிர் குழுவில் ஒருவரிடம் இருக்கும். அவருக்குச் சிறிதளவேனும் ஊதியம் உண்டு, ஏனெனில் ஊதியமில்லாத் தன்னார்வலரை நம்பி நெடுநாள் நடத்தல் அரிது. சான்றிதழ் விண்ணப்பம் எழுதித் தரக் கட்டணம் இல்லை. ஓடு மாற்றும் செலவுக்கான மதிப்பீட்டைப் பொருளாளர் பொதுக்குழுவில் வைப்பார்.