பழைய காரும் பட்டறைக் கைகளும்

ஒரு பொருளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை வாங்கியவரின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். கொழும்பு நகரில் பல்லாண்டுகளாகப் பேணிக் காக்கப்பட்டு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதையும் இதற்கு விலக்கன்று. சொந்தக்காரரின் ஆசையையும் பொறுமையையும் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அக்காரை ஓட வைத்த கைகளைப் பற்றிக் கேட்டதோ மிகக் குறைவு.

எம். ஜி. ரி. சி. என்ற காரை எடுத்துக்கொள்வோம். எம். ஜி. என்பது ஒக்ஸ்போர்ட் நகரின் மொறிஸ் கராஜ் என்ற பெயரின் சுருக்கம். 1945 முதல் 1949 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஏறக்குறைய 10,000 ரி. சி. கார்கள் செய்யப்பட்டன. போரினால் கடனாளியாகிப்போன பிரித்தானியா, ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே முதலில் உருக்கைப் பங்கிட்டது. ஆகவே கார்கள் கடல் கடந்தன. அவற்றுட் சில இலங்கையையும் வந்தடைந்தன.

அவற்றுக்கு விலை கொடுத்தது யார்? கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கப்பலேறின. அதே துறைமுகத்தில் கார்கள் வந்திறங்கின. நாட்டிற்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவர்களுள் முதன்மையானவர் மலையகத் தோட்டத் தொழிலாளர். அத்தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டதும் இதே ஆண்டுகளில்தான். காரின் பளபளப்பைப் பார்க்கும்பொழுது இவ்வுண்மையையும் நாம் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி, அதன் உள்ளமைப்பை நோக்குவோம். இரும்பு வண்டி என்று நாம் எண்ணும் இக்காரின் உடலுக்கு ஆதாரமாய் நிற்பது அஷ் மரச்சட்டம். அதன்மேல் உருக்குத் தகடு போர்த்தப்பட்டுள்ளது. வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதியின் உப்புக்காற்று தகட்டைத் துருவேற்றும். மழை ஈரம் மரத்தை உளுக்கச் செய்யும். எனவே இதனைப் புதுப்பிக்க இயந்திரம் அறிந்தவர் மட்டும் போதாது. தச்சரும் தகர வேலைக்காரரும் வேண்டும்.

இயந்திரத்திலோ இன்னொரு புதிர் உண்டு. அதன் திருகாணிகளின் மரை மெட்ரிக் அளவு; தலையோ பிரித்தானிய அளவு. காரணம் வரலாற்றிலே கிடக்கிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கொம்பனி கொவென்றி நகரில் ஆலை அமைத்தது. 1923இல் அதனை மொறிஸ் வாங்கினார். பிரெஞ்சு அளவிலமைந்த கருவிகள் அங்கே நிலைத்துவிட்டன; ஆங்கிலேய மெக்கானிக்குகளின் கையிலிருந்த ஸ்பானருக்குப் பொருந்தும்படி தலைகள் மட்டும் பழைய அளவிலேயே செய்யப்பட்டன. ஒரு போரின் சுவடு ஒரு திருகாணியிலே தங்கிவிட்டது.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதிய காரும் உதிரிப்பாகமும் அரிதாயிருந்தன. இந்நிலையில், தேய்ந்ததை எறிவது இயலாத காரியம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளும் சந்துகளின் பட்டறைகளுமே காருக்கு உயிரூட்டின. ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருத்தப்பட்டது. கிடையாதது லேத்தில் கடைந்தெடுக்கப்பட்டது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அத்தொழிலிலே அருகருகே நின்றனர்.

1893இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி நிற்கும் மருதானைக்கும் பஞ்சிகாவத்தைக்கும் நடைதூரமே. எனினும் ஒன்று சான்றிதழின் அறிவாகவும் மற்றொன்று வெறும் ‘கைவேலை’யாகவும் மதிக்கப்பட்டன. இந்த இடைவெளி பாதையின் நீளமன்று, வர்க்கத்தின் நீளம்.

புதுப்பிக்க இயலாதவையும் உண்டு. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்காகத் துடைத்துப் போற்றிய பொருளை ஒரு நாழிகையில் சாம்பலாகக் கண்டோர் பலர். மனிதவுயிர்களின் இழப்பின் முன் காரின் இழப்பு சிறிதே. ஆயினும் அண்டை வீட்டாரிடையே இருந்த நம்பிக்கை எரிந்துபோனால் அதற்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலே கிடைக்கும்?

2020இல் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் அனுமதி பிறந்தது. அவ்வைந்தாண்டுகளில் நகரம் திரும்பவும் பழுது பார்ப்போரின் தோளிலே சாய்ந்தது. நெருக்கடியிலே நினைக்கப்படும் அவர்கள், நெருக்கடி தீர்ந்ததும் மறக்கப்படுகின்றனர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! கார் ஒரு செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டா. உங்கள் தெருப் பட்டறைக்கு ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். முதிய தொழிலாளி எவரிடம் கற்றார், எதனைத் தாமே கண்டுபிடித்தார் என்று கேட்டு எழுதுங்கள். காருக்குப் பதிவுப் புத்தகம் உண்டு. அதிலே சொந்தக்காரரின் பெயர் இருக்கிறது. அதனை ஓடவைத்தவரின் பெயரை எழுதிவைக்கும் கடமை நம்முடையது.